நான் ஜப்பானாக இருந்த மழைக்காலம்

போன மாதம் ஒரே வகுப்பில் படித்த நாம் எல்லோரும் நம் ஊர் நெடுங்காட்டில் கூடிச் சாப்பிட்டோமே, அப்போது உங்களில் ஒருத்தி என் மேல்வரிசையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டுப்பல்லு சைக்கிள்லேருந்து விழுந்ததுக்குக் கட்டினதுதானே?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். நாற்பத்தைந்து வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். என் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொன்னேன். அது பொய். நான் சைக்கிளில் இருந்து விழவே இல்லை.

நமக்கெல்லாம் அறுபது ஆகிவிட்டது. அன்று பெரியவர்களாக இருந்தவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. யாருக்கும் இனி வலிக்கப்போவதில்லை, என்னைத் தவிர. அதனால் எழுதுகிறேன்.

நாம் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் சரித்திரத்துக்குப் புது சார் வந்தாரே, நினைவிருக்கிறதா? கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். பேன்ட் சங்கிலியில் சிக்காமல் இருக்க வலது கால் ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டியிருப்பார். வகுப்புக்குள் வந்த பிறகும் அதை எடுக்க மறந்துவிடுவார். பழைய சார் நம்மை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தூங்குவார். இவர் தானும் தூங்க மாட்டார், நம்மையும் விடமாட்டார். பிரம்பும் உண்டு.

ஐப்பசியில் இரண்டாம் உலகப் போர் பாடம் வந்தது. "காரணம் அஞ்சு, விளைவு ஏழு. எல்லாரும் நெட்டுருப் போட்டுடுவீங்க. ஆனா ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது" என்றார். முதலில் காரைக்காலிலிருந்து ஒரு கிழ சொல்தாவைக் கூட்டிவந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். கோட்டில் வரிசையாகப் பதக்கம். முழங்காலுக்குமேல் குண்டு பாய்ந்த தழும்பைக் காட்டினார். பையன்கள் ஒவ்வொருவராகப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். அவர் போனபிறகு சார் கேட்டார்: "உங்க வீட்லேருந்து யாராச்சும் அந்தப் போருக்குப் போயிருக்காங்களா?" மூன்று பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்தா இல்லை. அப்போது எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், பெரியப்பா, பெரியம்மா ஐந்து பேர். பெரியம்மா பெரியப்பாவின் மனைவி அல்ல. இதை நான் வெளியாளுக்குச் சொல்லி விளக்கும்போதெல்லாம் சிறுவயதில் வெட்கப்படுவேன். அப்பா கூடப் பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். இருவரும் இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். மூத்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நடு அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். உலகப் போர் முடிந்து மூத்தவர் மட்டும் திரும்பிவந்தார். "தம்பி வேற தோட்டத்துக்கு மாறிட்டான். வருவான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவர்தான் என் பெரியப்பா. வராதவரின் மனைவிதான் என் பெரியம்மா.

பெரியம்மா காத்திருந்தாள். நான் பார்க்கும்போது தலை பாதி நரைத்திருந்தது. ஆனாலும் தினமும் மஞ்சள் பூசிக் குளித்து, காசளவு பொட்டு வைத்து, வேலியோரத்துக் கனகாம்பரத்தைத் தொடுத்து வைத்துக்கொள்வாள். அந்த ஆள் மலேயாவில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறான் என்று ஊரே பேசியது. அம்மாவும் பேசினாள். அப்பாவுக்கு அந்த அண்ணன் பேச்சை எடுத்தாலே கோபம் வரும்.

பெரியப்பா அடிப்பார். மாட்டை அடிப்பார், வேலையாளை அடிப்பார், யாரும் இல்லாவிட்டால் மரத்தை அடிப்பார். ஒருமுறை நடவுக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று எண்ணிக்கை சொன்னபோது, திடீரென்று பாய்ந்து மேஸ்திரியின் குரல்வளையைப் பிடித்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. அந்த ஆளின் கண் பிதுங்கி நாக்கு வெளியே வந்ததை வரப்பில் நின்று பார்த்தேன். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அவரை ஒரு பூசாரியிடம் கொண்டுபோனார்கள். பூசாரி புளியமிளாறால் முதுகு கிழிய விளாசினான். பெரியப்பா முனகக்கூட இல்லையாம். அடிக்கிறவரை அடித்தே சரிசெய்துவிடலாம் என்று அன்றைய பெரியவர்கள் மனதார நம்பினார்கள்.

ஆனால் என்னை மட்டும் அவர் தொட்டதில்லை. வலது காது அவருக்குக் கேட்காது. இடப்பக்கம் போய்க் கத்திப் பேசினால், "சொல்லும்மா" என்பார்.

சொல்தா வந்துபோன வாரத்து வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. சார் நம்மைப் பின்பக்கத் திடலுக்குக் கூட்டிப்போய், ஈர மண்ணில் குச்சியால் உலகப்படம் கீறினார். ஆளுக்கொரு நாடு. வேகவைத்த கடலை ஒரு கூடை கொண்டுவந்து, சில நாடுகளுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார். சிலருக்கு மூன்று நான்கு பருப்பு மட்டும். எனக்கு ஜப்பான். வெள்ளைத் தாளில் நடுவே குங்குமத்தைக் குழைத்து வட்டமாகப் பூசிய கொடியை என் தாவணியில் ஊக்கால் குத்திவிட்டார். எனக்கு மூன்று பருப்பு. பக்கத்தில் மலேயாவுக்கு ஒரு குவியல்.

"இப்ப என்ன பண்ணப்போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் கூப்பிட்டாரென்று உள்ளே போனார். பத்து நிமிடம்கூட இருக்காது.

முதலில் யார் யாரை அடித்தது என்று எனக்கு நினைவில்லை. ஜெர்மனிப் பையன் போலந்தின் கடலையை அள்ளினான், பிரான்ஸ் அவன் சட்டையைக் கிழித்தான் என்பதுவரை தெரியும். நான் மலேயாமேல் பாய்ந்தேன். அவள் கடலையை மடியில் மூடிக்கொண்டு குனிந்தாள். என் கையில் சார் விட்டுப்போன குச்சி இருந்தது. முதுகில் அடித்தேன். அவள் அழுதாள். அவள் அழுததும் எனக்குள் ஏதோ சூடாக ஏறியது. திரும்பவும் அடித்தேன், கையில், தலையில். நெற்றி பிளந்து ரத்தம் கடலைமேல் சொட்டியது. நான் அந்தக் கடலையைத் தின்றேன். மலேயா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டது சார் பிரம்பைக் காட்டியதால். இப்போது கேட்பது நானாக.

சார் ஓடிவந்து நம் எல்லோரையும் விளாசினார். பிறகு மூச்சிரைக்க நின்று, "புரிஞ்சுதா? புரிஞ்சுதா?" என்றார். அவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

நான் கொடியைக் கழற்றவில்லை. ஜெயித்த நாடு நான்தான். குச்சியையும் கையில் வைத்துக்கொண்டே வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தேன்.

கொல்லையில் பெரியப்பா மாட்டுத் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, நெஞ்சில் இருந்த கொடியை. கை தவிட்டுத் தண்ணீரில் இருந்து மேலே வந்தது. கால்களை ஒட்டி வைத்து, கைகளைத் தொடையோடு சேர்த்து, இடுப்பு வளையக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பெரியப்பா விளையாடி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். "உக்காரு!" என்றேன். மண்டியிட்டு உட்கார்ந்தார். "எழுந்திரு!" எழுந்தார். "கையத் தூக்கு!" தூக்கினார். குச்சியால் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். "ஹை!" என்றார். அந்தச் சத்தம் அவர் குரலில் இல்லை. சின்னப் பையன் குரல். நான் சிரித்தேன். ஓங்கி முதுகில் ஒன்று. "ஹை!" இன்னொன்று. அதன்பிறகு விளையாட்டாக அடிக்கவில்லை. திடலில் ஏறிய அதே சூடு. எத்தனை அடித்தேன் என்று தெரியாது. கடைசி அடி கேட்காத காதின்மேல் விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். முஷ்டி என் வாயில் விழுந்ததுதான் தெரியும். தொட்டி விளிம்பில் தலை மோதியது. என்மேல் ஏறி உட்கார்ந்து கொடியைப் பிய்த்து என் வாய்க்குள் திணித்தார். பல் உடைந்து ரத்தமும் தாளும் குங்குமமும் தொண்டைக்குள் போனது. மூச்சு நின்றுவிட்டது. எனக்கு மேலே இருந்த முகம் அழுதுகொண்டிருந்தது.

வயலிலிருந்து வந்த அப்பாதான் மண்வெட்டிக் காம்பால் அவர் முதுகில் அடித்து என்னை இழுத்தார். பிறகு வண்டிக் கயிற்றால் அவரைக் கொட்டகைத் தூணில் கட்டினார். "பச்சப் புள்ளைய அடிக்கிறியா? முப்பது வருசமா சோறு போட்டு வச்சிருக்கனே, நாயே!" அண்ணனை அப்பா வாடா போடா என்று பேசி அன்றுதான் கேட்டேன். ஒவ்வோர் அடிக்கும் பெரியப்பா ஏதோ சொன்னார். "இச்சி. நீ. சான். சீ. கோ." அப்பாவுக்கு அது கெட்டவார்த்தை மாதிரி கேட்டிருக்க வேண்டும். இன்னும் ஓங்கி அடித்தார்.

"அவரு ஏண்டி அடிச்சாரு? நீ எதாச்சும் பண்ணியா?" என்று ஆற்றிலிருந்து திரும்பிய அம்மா என்னைக் கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். பெரியப்பா தூணிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அடித்தது நான்தான் என்று இப்போது உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சார் வீட்டுக்கு வந்தார். திடலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு வீடாகப் போயிருக்கிறார். என் வீங்கிய முகத்தைப் பார்த்து, அதுவும் திடலில் பட்ட அடி என்று நினைத்துக் கைகூப்பினார். மலேயாவிலிருந்து திரும்பியதுமுதல் அண்ணன் இப்படித்தான் என்று அப்பா விஷயத்தைச் சொன்னார். கொட்டகையில் கட்டவிழ்த்த பிறகும் பெரியப்பா தூணை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்க அடிக்க இச்சி, நீ, சான்னு என்னமோ உளறுறாருங்க சார். முத்திப்போச்சு" என்றார் அப்பா.

சார் சட்டென்று திரும்பினார். "அது உளறல் இல்லிங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஜப்பான் பாசை" என்றார். பிறகு கொட்டகைக்குள் போய், சாணியைக்கூடப் பார்க்காமல் அவர்முன் தரையில் உட்கார்ந்தார். "ஐயா, ஜப்பான்காரன் காலத்துல நீங்க சயாமுக்கு ரயில் பாதை போடப் போனீங்களா?"

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. ஏன் இப்படி இருக்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெரியப்பா இடது காதைத் திருப்பினார். சார் இன்னொரு தடவை கேட்டார்.

"ஆமா. நானும் தம்பியும்."

அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஜப்பான்காரன் வந்தபிறகு தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிதான். மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொல்லிச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். இறக்கிவிட்ட இடம் காடு. மழை நிற்கவே இல்லை. மண் சுமக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். காலையில் வரிசையில் நின்று ஜப்பான் பாசையில் எண்ணிக்கை சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அடி; அடிபட்டும் ‘ஹை’, ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கேதான் காது போனது. பிறகு வாந்திபேதி வந்தது. விழுந்தவர்களையெல்லாம் ஒரு மூங்கில் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தம்பியையும் போட்டார்கள்.

"நோவு பரவுதுன்னு ஜப்பான்காரன் கொட்டாயக் கொளுத்தச் சொன்னான். உள்ள ஆளு இருக்கு. பாதிப் பேருக்கு உசுரு இருக்கு. என் கையிலயும் இன்னொருத்தன் கையிலயும் பந்தத்தக் குடுத்தான். அவன் மாட்டேன்னான். அவன அங்கனயே வெட்டிட்டான், தல என் கால்ல வந்து முட்டுச்சு." கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நாந்தான் கொளுத்துனேன்."

மாடு மட்டும் வைக்கோலை இழுத்தது.

அப்பா திடீரென்று பாய்ந்தார். மூலையில் கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்துத் தலைக்குமேல் ஓங்கினார். பெரியப்பா கையைக்கூடத் தூக்கவில்லை. சார்தான் நடுவில் விழுந்தார். அடி அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு மாதம் அவர் கையைத் தூளிகட்டிக்கொண்டு வந்தாரே, சைக்கிளில் இருந்து விழுந்ததாகச் சொன்னாரே, அது இதுதான்.

"வுடுங்க தம்பி" என்றாள் பெரியம்மா. அப்பாவின் கையிலிருந்து காம்பை வாங்கிக் கீழே போட்டாள். கணவனின் அண்ணனோடு அவள் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் என்னைத்தான் அனுப்புவாள். அன்று அவர்முன் போய் நின்றாள்.

"உள்ளேருந்து கூப்பிட்டாங்களா?"

"ம்."

"என்னன்னு?"

"அண்ணேன்னான். நாலஞ்சு தடவ. அப்பறம் உம்பேரச் சொன்னான்."

பெரியம்மா மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "அவன் எதுக்கு அங்க வந்தான்? அந்த ஜப்பான்காரன். அவனுக்கும் நமக்கும் என்ன சண்டை?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ படிக்கிறல்ல. சொல்லு."

நான் சாரைப் பார்த்தேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, உடைந்த பல்லின் வழியே காற்றுப் போகப் போக ஒப்பித்தேன். வெர்சேல்ஸ் உடன்படிக்கை. உலகப் பொருளாதாரப் பெருமந்தம். சர்வாதிகாரிகளின் எழுச்சி. சர்வதேச சங்கத்தின் தோல்வி. நாடு பிடிக்கும் கொள்கை.

பெரியம்மா கடைசிவரை கவனமாகக் கேட்டாள். "இதுல நெடுங்காடு எங்க வருது?" என்றாள்.

சார் கண்ணைத் திறந்தார். "வரலிங்கம்மா" என்றார். "புத்தகத்துல வரல."

அன்று மாலை பெரியம்மா வழக்கம்போல விளக்கேற்றினாள். பூ வைத்துக்கொள்ளவில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் அப்பா பெரியப்பாவின் முதுகுக் காயத்துக்கு வேப்பெண்ணெய் போட்டுவிட்டார்.

இறந்த தேதி யாருக்கும் தெரியாது. மழைக்காலம் என்பதைத் தவிரப் பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. தேதி தெரியாவிட்டால் தை அமாவாசையில் செய்யலாம் என்றார் ஐயர். விடிகாலையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். கூட்டம் நெருக்கியடித்தது. சாரும் வந்து ஓரமாக நின்றார். பிள்ளை இல்லாதவருக்கு யார் செய்வது என்று ஐயர் கேட்டார். அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் போனார். பெரியப்பா தூரத்தில், ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அவர வரச் சொல்லுங்க" என்றாள் பெரியம்மா.

"அண்ணி, அவரு எப்படி..." என்றார் அப்பா.

"கொள்ளி வச்சது அவருதானே. மத்ததையும் அவரே செய்யட்டும்."

அதை அவள் என்ன மனதோடு சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. அப்பா போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். ஐயர் சொன்ன ஒவ்வொன்றையும் இடது காதில் அப்பா திருப்பிச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்து, தம்பியின் பெயரை அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது பெரியம்மா தாலியைத் தானே அவிழ்த்து, மஞ்சள் கயிற்றோடு இலையில் பிண்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெரியப்பா அந்த இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. இலையை விட்டுட்டு வாங்க என்று கரையில் இருந்து ஐயர் கத்தினார். அவருக்குக் கேட்கவில்லை. ஓர் அலை வந்து அவரைக் கவிழ்த்தது. எழுந்தார். இலை தலைக்குமேல் தூக்கிய கையிலேயே இருந்தது. அடுத்த அலையிலும் விடவில்லை. அப்பா நீந்திப்போய் அவரைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்து, இலையை இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.